பயம், பழம்

ஹமில்ட்டனில் நான் எலிகளின் கண்களோடுதான் தொடங்கினேன்.
நாலு வருடம். இருட்டறை. திரையில் கோடுகள்,
கோடு சாய்ந்தால் எந்த நரம்பு விழிக்கிறது என்ற கணக்கு.
காது என் பாடமில்லை.
காதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
குத்தியபோது சீழ் பிடித்தது.

அத்தானோடு பரிசோதனைக்குப் போனதும்
மொழிபெயர்க்கத்தான்.
பார்ட்டன் வீதியில், கதவு தடித்த சின்ன அறை.
தகரம் அடிக்கும் மெசினுக்குப் பக்கத்தில்
பத்தொன்பது வருடம் நின்ற மனிதர்
மடியில் தொப்பியோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.
பெண் சொன்னாள்: பேஸ்போல்.
அவர் திருப்பிச் சொன்னார்: பேசுவோம்.
பெண் சொன்னாள்: ஹொட்டோக்.
அவர்: ஒட்டட்டோ?
நாற்பத்தெட்டு வீதம் என்று எழுதினாள்.
அவருக்கு ஆங்கிலம் எத்தனை வீதம் என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.

அதற்காகவும் நான் மாறவில்லை.

நவம்பர். அக்காவின் மார்பில் ஒரு கட்டி.
ஊசியால் எடுத்து அனுப்பிவிட்டு
முடிவுக்குக் காத்திருந்த நாலாம் இரவு,
விளக்கை அணைத்த பிறகு சொன்னாளாம்:
"பயமாக் கிடக்கு."
இருட்டில் உதடு தெரியாது.
அவர் சொன்னாராம்:
"பழமோ? கிடக்கட்டும், காலமை சாப்பிடுவம்."

போனில் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
சிரிப்பு முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை.
ஒன்றுமில்லாத கட்டி என்று பிறகு தெரிந்தது.
அந்த இரவு மட்டும் அப்படியே கிடக்கிறது.

பேராசிரியர் மோராக் கில்லிஸ் கேட்டார்,
நாலு வருடத் தரவை என்ன செய்வது?
எலிகள் நானில்லாமலும் பார்க்கும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. கையெழுத்து வைத்தார்.

பள்ளியில் பாடமாக்கியதுதான்:
உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு.
காது தேயும்போது முதலில் போவது மெய்.
ச், த், க் என்று உயரத்தில் கிசுகிசுக்கிறவை.
ஆவும் ஓவும் தடித்த குரல்காரர், கடைசி வரை வருவர்.
சாவில் உயிர் போய் மெய் மிஞ்சும்.
இங்கே உயிர் வந்து வாசலில் நிற்கிறது
உடுத்த மெய்யில்லாமல்.
மூளைக்குப் பொறுக்காது.
கைக்கு அகப்பட்ட மெய்யை எடுத்துப் போர்த்திவிடும்.
பயத்துக்குப் பழத்தின் சட்டை.

மண்டையில் அறுபத்து நாலு வயர்,
குளிரும் பசை, அவருடைய நரையில்.
ஒலிக்கென்று இருந்த காணிக்குள்
பார்வை கதியால் நட்டிருந்தது.
ஓர் அடி, பிறகு இன்னோர் அடி,
ஆளில்லாத வளவில் அயலவன் வேலி நகர்த்துவதுபோல.
நாலு வருடம் நான் அந்த அயலவனின் கட்சியில் இருந்தேன்.
களவென்றும் சொல்ல முடியாது.
அவர் உதட்டைப் படித்தது அந்த நிலத்தில் நின்றுதான்.

தமிழில் சொற்பட்டியல் எங்கும் கிடைக்கவில்லை.
சாப்பாட்டு மேசையில் இருந்து நானே எழுதினேன்,
ஐம்பது சோடி. கல், கள். பல், பள். வாளி, வாழி.
வாசித்துத் தர அக்கா வந்தாள்,
பல்கலைக்கழகம் என்று சேலை கட்டிக்கொண்டு.
முப்பத்தோராவது சோடியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
பிறகு வாசித்தாள், இரண்டையும் ஒரே நிதானத்தில்.

பெப்ரவரியில் அத்தான் அதே கதிரையில்.
கேட்ட சொல்லுக்குப் பொத்தானை அமுக்க வேண்டும்.
முப்பதுவரை அமுக்கினார், பாதி பிழை.
முப்பத்தொன்றில் விரல் அசையவில்லை.
கண் திரும்பியது,
கண்ணாடிக்கு வெளியே
கோட்டைக் கழற்றாமல் நின்ற அக்காவின் பக்கம்.

கண் அசைந்தால் அலை கெடும்.
கெட்ட துண்டை வெட்டி எறிவது விதி.
எறிந்தேன்.
கட்டுரையில் அது இல்லை, சராசரியில் இல்லை.

ஒன்றரை வினாடி.
பெயர் வைக்காத ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.