நாலாயிரத்து இருநூறு பொலிவியானோ

பழையது செவ்வாய்க்கிழமை செத்தது.
திரையின் நடுவே ஓர் ஊதாக் கோடு
மூன்று மாதமாய் வளர்ந்துகொண்டிருந்தது.
கோழிக்கடை மெனுவுக்குக் குறுக்கே அது விழுந்தபோது
வடிவமைப்பு என்றே நினைத்துக்கொண்டார் கடைக்காரர்,
நன்றாயிருக்கிறது என்றார்.
நான் மறுக்கவில்லை.

கையில் நாலாயிரத்து இருநூறு.
கேமராவை விற்றதில் இரண்டாயிரம்,
அக்கா நோர்கா கொடுத்தது ஆயிரம்
(கொடுத்தாள் என்பது மரியாதைக்கு;
தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்),
மிச்சம் வாடகைப் பணம்.

லா பாஸில் எந்தத் தெருவும் ஏறும், இல்லை இறங்கும்.
எலோய் சால்மோன் ஏறும்.
டிவி பெட்டியை முதுகில் கட்டியவர்கள்
என்னைத் தாண்டிப் போகிறார்கள்.
என் கைப்பையில் இரண்டு ஆயுதம்:
நூற்று நாற்பது அடுக்குகள் கொண்ட
நடனக்குழுப் போஸ்டர், பென் டிரைவில்;
விரல் அகலக் கம்பளித் துணுக்கு ஒன்று, ராணி கலர்.
போன வருஷம் இதே நிறம்
அச்சில் ஈரல் மாதிரி வந்தது.
ஐந்நூறு பிரதி.
திரை சொன்ன பொய்க்குத் தண்டம் கட்டியது நான்.

முதல் கடையில் விளையாட்டுப் பிரியர்களின் பெட்டி.
விசைகளுக்கடியில் சிவப்பும் பச்சையும் ஓடுகிறது,
கல்யாண வீட்டு சீரியல் லைட்.
கிராபிக்ஸ் கார்டின் பெயரை முதலாளி
மகன் வாங்கிய பட்டம்போலச் சொன்னார்.
போஸ்டர் ஆறு வினாடியில் திறந்தது.
ஆறு!
அப்புறம் விசிறி இரைய ஆரம்பித்தது.
துணுக்கைத் திரையருகே பிடித்தேன்:
திரையில், பல தடவை துவைத்த ரோஜா.
"ரத்தமெல்லாம் நன்றாகத் தெரியும்" என்றார்.
ஐயாயிரத்து எண்ணூறு.

அடுத்ததில் ஒல்லியாய், வெள்ளியாய் ஒன்று.
துணி எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது
என்று தெரியவில்லை.
கண் கலங்கிவிட்டது. வெட்கமாயிருந்தது.
போஸ்டரைத் திறந்து எண்ணினேன்.
நாற்பது.
எழுபது.
நினைவகம் எட்டே எட்டு, பலகையோடு பற்றவைத்தது.
கூட்ட முடியாது,
பிறவிக் குணம் மாதிரி.

வெளியே சால்தேனியாவைச்
சாறு சிந்தாமல் கடித்துக்கொண்டிருந்தான்
முதல் கடைப் பையன் வில்டர்.
"அந்த விளக்குப் பெட்டி
கீழே சாந்தா குரூஸில் ஓடும்க்கா.
இங்கே மூவாயிரத்து அறுநூறு மீட்டர்,
காற்றே மெலிசு, விசிறி எதைத்தான் வீசும்?
அரைமணியில் சூடாகித் தானே வேகத்தைக் குறைச்சுக்கும்.
மேடேறும்போது நாம குறைச்சுக்கிற மாதிரி."
உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.
கையை கால்சட்டையில் துடைத்தபடி ஓடினான்.

மூன்றாவதைக் கடை என்று சொல்ல முடியாது,
மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை.
தோஞா காசில்டா.
வடக்கே ஏதோ ஒரு அலுவலகம் கழித்துக்கட்டிய கறுப்புப் பெட்டி,
செங்கல் கனம்,
சுரண்டியும் போகாத சொத்து எண்.
பதினெட்டு வினாடி.
துணுக்கும் திரையும் அக்கா தங்கை அளவுக்கு ஒத்துப்போயின.
திருகாணி கழற்றிப் பின்மூடியைத் திறந்தாள்:
நினைவகத்துக்கு இன்னொரு இடம், காலியாக.
வாங்கப்போகும் பொருளை விட்டுவிட்டு
அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேட்டரி?"
"ரெண்டு மணி நேரம்."
"நிஜமா?"
"ஒண்ணு."
மூவாயிரத்து எழுநூறு. எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்,
விசைப்பலகையில் ஞ இல்லை.
தலைமேல் அலை போட்ட எங்கள் எழுத்து
வடக்கே யாருக்கும் தேவைப்படவில்லை போலும்.
நானோ பெகோஞா இபாஞெஸ்.
கையெழுத்துப் போட்டால் இரண்டு ஓட்டை.
ராணி கலர் நகப்பூச்சு எடுத்து
அரைப்புள்ளி விசைமேல் அலையை நானே வரைந்தேன்.
காயும்வரை சும்மா இருக்க முடியாமல்
அலமாரியைத் துடைத்தேன்.

அங்கே எகேகோ சாமியின் கழுத்தில் தொங்குகிறது
ஜனவரிச் சந்தையில் நான் வாங்கிய குட்டி லேப்டாப்,
தீப்பெட்டி அளவு, அட்டையில் செய்தது.
வேண்டியதைச் சின்னதாய் வாங்கிவைத்தால்
பெரிதாய்க் கைக்கு வருமாம்.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
அதன் விசைகளை வரிசை வரிசையாய்ப் படித்தேன்.

அதிலும் ஞ இல்லை.

சாமிமேல் குறை சொல்ல முடியாது.