வரிசை ஒன்பது, கட்டில் பதினான்கு

புடாபெஸ்டின் தெற்கே, செப்பெல் தீவில்,
மூடிப்போன குழாய்த் தொழிற்சாலைக்குள்
முந்நூறு பேரைப் படுக்க வைத்தோம்.
ஆளுக்கொரு தகரக் கட்டில், ஆளுக்கொரு கண்கவசம்.
கதைப்படி பதினோரு நாளாக
இவர்கள் எழவே இல்லை.
ஒரு விளையாட்டுக்குள் இருக்கிறார்கள்.

என் வேலை சின்னது.
போன ஷாட்டில் கோப்பையில் காபி எவ்வளவு,
நாயகனின் இடது கைப் பொத்தான்
போட்டிருந்ததா, திறந்திருந்ததா,
எழுதிவைப்பவள் நான்.
பெயர் எமூகே. இது இருபத்திரண்டாவது படம்.
திரையில் என் பெயர் வரும்போது ஜனங்கள்
கோட்டுக்குள் கை நுழைத்துக்கொண்டிருப்பார்கள்.

பொத்தான் சரியாகத்தான் இருந்தது.
கதைதான் கண்ட இடத்தில் திறந்து கிடந்தது.

ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டது,
விளையாட்டு மட்டும் எதில் ஓடுகிறது?
இயக்குநர் ஜோம்போரிடம் முதல் வாரமே கேட்டேன்.
ஜெனரேட்டர் என்றார்.
எந்தக் காட்சியிலும் ஜெனரேட்டர் இல்லை.
உள்ளே செத்தால் வெளியே ஞாபகம் அழியும் என்றால்
மூன்று தடவை செத்தவன்
தங்கையைச் செல்லப்பெயர் சொல்லி எப்படிக் கூப்பிடுகிறான்?
அன்பு என்றார்.
அன்பு என்று எழுதிக்கொண்டேன்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
எட்டடி அறையில் நிற்பவன்
நாற்பது கிலோமீட்டர் குதிரையில் போகிறான்,
ஒருமுறைகூடச் சுவரில் முட்டவில்லையே?
இதற்கு அவர் சாண்ட்விச்சைப் பிரித்தார்.
பாதி தின்றுவிட்டுச் சொன்னார்:
கதைக்குக் கால் ஏது, எமூகே?

கதைக்கு இல்லைதான்.
படுத்திருந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு இருந்தன,
மைனஸ் ஆறு குளிரில் விறைத்துக்கொண்டு.

நான்காம் இரவு.
கிரேனை விடியுமுன் திருப்பித் தர வேண்டும்.
நான்கு நிமிடம், வெட்டில்லாத ஒரே ஷாட்.
கேமரா கூரையிலிருந்து இறங்கி
மூச்சுவிடும் வாய்களின் மேலாக, மெதுவாக, மிக மெதுவாக
மிதந்து வந்தது.
மூன்றாம் நிமிடம்
ஒன்பதாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.
கவசத்தைக் கழற்றவில்லை. எழுந்திருக்கவில்லை.
வகுப்பில் பிள்ளை தூக்குவது போல
ஒரு கை.

உதவி இயக்குநர் கத்தினான்.
கட்டில் பதினான்கு. ரெஜோ.
ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர்.
"மன்னிக்கணும்," என்றார் கூரையைப் பார்த்து,
"பதினோரு நாள் ஆச்சு.
எங்கே போகிறது?"

முந்நூறு பேரும் படுத்தபடியே சிரித்தார்கள்.
தகரம் அதிர்ந்தது.
ஐந்து வாரமாக ஓட்டை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு
இது தோன்றவில்லை.
மின்சாரத்தைக் கேட்டேன், ஞாபகத்தைக் கேட்டேன்,
குதிரையைக்கூடக் கேட்டேன்.

மறுபடி எடுக்க நேரமில்லை.
சிரிப்புக்கு முன்பு வரை வெட்டிச் சேர்த்தார்கள்.
என் பதிவேட்டில் இருக்கிறது:
*கை மேலே. அடுத்த ஷாட்டில் கீழே. பொருந்தவில்லை.*

படம் வெளிவந்தது.
இயந்திரத்தை மறுத்து எழும் மனிதக் கரம்
என்று எழுதினார்கள்.
போஸ்டரில் அந்தக் கையை மட்டும் நீலத்தில் போட்டார்கள்.
முதல் நாளே மனதில் இருந்த காட்சி அது என்று
பேட்டியில் ஜோம்போர் கண் கலங்கினார்.
பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.
அவர் இப்போது அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்கு
ரெஜோவை அழைத்துப் போனேன்.
அரங்கில் எங்களோடு ஏழு பேர்.
கேமரா கூரையிலிருந்து இறங்கத் தொடங்கியதும்
பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.
இருக்கை காலி.
கழிப்பறைக்கு எழுந்து போயிருந்தார்.

திரையில் கை உயர்ந்தது. முன்வரிசையில் ஒரு பெண்
மூக்கை உறிஞ்சினாள்.

ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தபடி வந்தார்.
"வந்ததா?"
"வந்தது."
கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு
திரையைக் கண் சுருக்கிப் பார்த்தார்.
"இன்னும் பதினோராம் நாள்தானா?"
"இல்லை," என்றேன், "இப்போது ஒன்பது."
சரி என்பதுபோல்
தலையாட்டினார்.