தொப்பி இல்லாத கை

தோருன் நகரில், விஸ்துலா ஆற்றங்கரையில்,
ஆண்டுக்கு மூன்று நாள்
ஆயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டு நடக்கிறது.

கூடாரம் அடித்து, விறகுப் புகை மூட்டி,
கைப்பேசியைத் தோல்பைக்குள் அமுக்கிவிட்டு
ஒருவரையொருவர் வணங்கப் பழகுகிறோம்.
விதிகளை வைத்திருப்பவள் லெயோகாதியா,
மற்ற நாட்களில் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்காரி:
தொப்பியை இடக்கையால் கழற்றாதே.
கழற்றினால் உட்புறம் எதிராளிக்குத் தெரியக் கூடாது,
உன் வியர்வைக் கறை
அவருக்கு நீ சொல்ல வந்த செய்தி அல்ல.
உனக்குக் கீழே இருப்பவர் வணங்கினால்
பதில் வணக்கம் கடன்.
பொழுது சாய்வதற்குள் தீர்த்துவிடு.

நான் சூப் கிண்டுகிறவள். எல்லோரும் எனக்கு மேலே.
எல்லோரையும் நான் வணங்க வேண்டும்,
எல்லோரும் அதைத் திருப்பித் தர வேண்டும்.
மூன்று நாளில் என் அளவுக்கு
வணக்கம் வாங்கியவர் எவருமில்லை.

க்னியேவோமிர் எங்கள் கோட்டைத் தலைவர்.
கருஞ்சிவப்பு அங்கி, கொக்கிறகு செருகிய தொப்பி,
வாடகைக் குதிரை.
துணி துவைக்கிறவளாக வருபவள் போக்னா.
சாம்பல் நீரில் விரல் வெடித்து நிற்பவள் முன்
அவர் குதிரையை நிறுத்தி, இறங்கி,
இறகு புல்லைத் தொடக் குனிந்து,
“அம்மணி, என் குதிரை
உங்கள் வெள்ளையில் சேறு தெறித்ததோ?” என்பார்.
தெறித்திருக்கும். மறுபடி துவைப்பாள்.

அன்றிரவு கஞ்சிக் கிண்ணத்தோடு என்னிடம் சொன்னாள்:
“நீதிமன்றத்தில் நான் நுழைந்தால் எல்லோரும் எழுகிறார்கள்.
அது நாற்காலிக்கு.
இவர் வாளிக்கு இறங்குகிறார்.”

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. தூறல்.
மருந்துக்கடை வாசலில் போக்னாவின் கார்,
நிறுத்தக் கட்டணம் தீர்ந்து பதினொரு நிமிடம்.
கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில்
சீட்டைச் செருகிக்கொண்டிருக்கிறது ஒரு மஞ்சள் மேலங்கி.
மீசை நனைந்திருந்தாலும் தெரிந்தது,
க்னியேவோமிர்.

எதிரே டிராம் நிறுத்தத்தில் நான், பை நிறைய பீட்ரூட்.
இந்த ஊரில் அந்த மஞ்சளைப் பார்த்ததும்
வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.
போன மாதம் வேறொரு தெருவில்,
வேறொரு மஞ்சளிடம்,
நானே சொல்லியிருக்கிறேன்.

அவளைக் கண்டதும் அவர் கை தானாக மேலே போயிற்று.
தொப்பி இருக்க வேண்டிய இடத்தில்
மழைக்கு இழுத்துவிட்ட பிளாஸ்டிக் முக்காடு,
தாடையில் கட்டிய முடிச்சு அவிழவில்லை.
கை அங்கேயே நின்றது,
வீட்டு எண் மறந்த தபால்காரன் போல.

அவள் மாத்திரைப் பையை மார்போடு பிடித்து
முழங்காலை மடித்தாள்.
பாதிதான்.
ஈர நடைபாதையில் அதற்கு மேல் மடிந்தால் விழவேண்டியதுதான்.

அவர் சீட்டை உருவி எடுத்தார்,
இரண்டு கையாலும் நீட்டினார்.
“ஏழு நாளுக்குள் கட்டினால் குறையும், அம்மணி.”
“தங்கள் கடமை, ஐயா.”
ஒரு காசும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை,
அவளும் கேட்கவில்லை.

மஞ்சள் அங்கி அடுத்த காருக்கு நகர்ந்தது.
அதன் சொந்தக்காரன் ரொட்டிக்கடையிலிருந்து
ஓடிவரும்போதே கத்தத் தொடங்கினான்.

என் டிராம் வந்தது, கதவு திறந்தது, போயிற்று.
சூப் கிண்டுகிறவளுக்குக்
கடன் ஏதும் இல்லை என்றுதான்
அதுவரை நினைத்திருந்தேன்.