பக்கவாட்டு கேட்

இரவு ஒன்றே முக்காலுக்கு போன்.
"சாவி எடுத்துக்கிட்டு வாங்க. பெரிய கேட் வேணாம்."
எஸ்.ஐ. தில்லைக்கரசி அதற்குமேல் பேசவில்லை.
நான் கோயில்பிள்ளை. கேட்டுப் பழக்கமில்லை.

காசிமேட்டிலிருந்து வந்த வேனில்
ஒன்பது ஒடிசாப் பிள்ளைகள்.
இறால் உரித்த விரல்கள் ஐஸில் ஊறி
மெழுகுவர்த்தி நிறம்.

ஓய்வுநாள் பாடசாலை அறையில் பாய் விரித்தேன்.
போதகரம்மா டீ போட்டார்.
ஒருத்தி மட்டும் உட்காரவில்லை,
தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று
பார்த்துக்கொண்டே நின்றாள்.
தில்லைக்கரசி அதை உள்ளிருந்து போட்டுக் காட்டினார்,
திறந்தும் காட்டினார்.
அப்புறம்தான் டம்ளரைத் தொட்டாள்.

ஃபேன் போட நிமிர்ந்தேன்.
இறக்கையில் சிவப்புப் பெயின்ட்:
அன்பளிப்பு, பொ. அதிசயராஜ்.
ஷெட் போர்டில் இருந்ததும் அதுதானாம்.
பத்து வருஷம் அந்தக் காற்றில்தான்
ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறோம்.

ஏணியும் மண்ணெண்ணெய்த் துணியும் தேடி ஓடினேன்.
"அழிக்காதீங்க. போட்டோ எடுக்கணும்."
எடுத்தார்.

கொசு.
பிள்ளைகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு
புழுக்கத்தில் நெளிந்தார்கள்.
போதகரம்மா என்னைப் பார்த்தார், நான் சுவிட்சை.

போட்டேன்.
சுற்றும்வரை
பெயர் தெரியாது.