ஐஸ் எழுபது ரூபாய்

மூன்று ராத்திரிக்கு நாற்பத்தையாயிரம்.
பஸ் செலவு தனி, கறிச்சோறு தனி.
தெற்குவாடி கபடிக் குழுவின் நோட்டில்
என் கையெழுத்தில்தான் இருக்கிறது,
பேனா ஒருமுறை நின்று எழுதிய தடத்தோடு.

எனக்குப் பிழைப்பு ஏலம் கூறுவது.
விடியுமுன் கரையில் கூடை இறங்கினால்
செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள்,
கண்ணை அழுத்திப் பார்ப்பார்கள்.
நேற்றுப் பிடித்த மீன் நன்றாக இருந்ததென்று
இன்றைய மீனுக்கு எவனும் கூட்டிக் கொடுத்ததில்லை.
செங்குட்டுவனுக்கு மட்டும்
போன வருஷம் ஒரத்தநாட்டில்
நாலு பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டதற்கு
இந்த வருஷம் பாம்பனில் பணம்.
செல்போனில் பதினெட்டு விநாடி.
பார்த்துப் பார்த்தே விலை ஏறியது.

தங்கச்சிமடத்துக்காரர்கள் நாற்பது சொல்லியிருக்கிறார்களாம்
என்றான் எவனோ.
எவன் என்று இன்றுவரை தெரியவில்லை.
இந்த வித்தை எனக்குத் தெரியாததா?
இல்லாத ஆளின் கையை
எத்தனை விடியலில் நானே உயர்த்தியிருக்கிறேன்.

'நம்ம பயலுகளுக்குப் பனியன் வாங்கக் காசில்லைன்னீங்க?'
கேட்டவர் சிலுவைப்பிச்சை.
தன் விசைப்படகை ஓட்ட
தொம்மைக்கு மூன்று லட்சம் முன்பணம் கொடுத்தவர்.
மீன் எங்கே கிடக்குமென்று தொம்மைக்குத் தெரியுமாம்.
அவன் ஏறிய வாரமே துறைமுகத்தில் புயல் கூண்டு.
தை முழுக்க வேலைநிறுத்தம்,
அப்புறம் தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
படகு கயிற்றில் கிடந்து ஆடியது,
மூன்று லட்சமும் அதில் உட்கார்ந்து ஆடியது.
ஆனாலும் தொம்மையை விடவில்லை அவர்.
விட்டால் மண்டபத்துக்காரன் தூக்கிவிடுவான்.

முதல் ராத்திரி முடிந்து லாட்ஜில்
முட்டிக்கு ஐஸ் கேட்டான் செங்குட்டுவன்.
கம்பெனியில் வாங்கி, மீன் பெட்டியில் போட்டுக்
கொண்டுபோனேன்.
துண்டில் சுற்றி வைத்ததும்
அறை முழுக்கச் சூடை வாசம்.
முகம் சுளிக்கவில்லை.
'இது இன்னும் ரெண்டு சீசன் தாங்கும்ணே,'
வாடகை வண்டியைப் பற்றிச் சொல்வதுபோல்.
'மூணு நாளைக்குக் குடுக்குறோம்னு நினைக்கிறீங்க.
அதுக்கப்புறம் சும்மா இருக்கப்போற வருஷத்துக்கெல்லாம்
நான் இப்பவே வாங்கி வெச்சுக்கணும்.'
நான் வேறு பக்கம் பார்த்தேன்.
கூறுவதற்கு முன்னால்
கூடை பேசிக் கேட்டதில்லை.

மொத்தம் முப்பது புள்ளி எடுத்தான்.
வகுத்தால் புள்ளிக்கு ஆயிரத்தைந்நூறு,
கரையில் இருபத்தைந்து கிலோ சாளை.
மூன்றாம் ராத்திரி ஒரு புள்ளியில் தோற்றோம்.

ஆனால் அந்தக் கடைசி ரெய்டு.
அவன் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு போனபோது
ஜெனரேட்டர் ஓடுவதே மறந்துபோனது.
ஐஸ் கம்பெனி வாட்ச்மேன்
சாவிக்கொத்தோடு ஓடிவந்து நின்றான்.
ரஜபு நிஷா கடையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது,
அவள் திரும்பவில்லை.
ஐந்து பேர் அவன்மேல் விழ
விரல் மட்டும் நடுக்கோட்டை நோக்கி
மணலில் ஒரு சாண் ஊர்ந்தது.
தொடவில்லை.
சிலுவைப்பிச்சை என் தோளைப் பிடித்து நசுக்கியதில்
இரண்டு நாள் கூடை தூக்க முடியவில்லை எனக்கு.
அதை வரவில் எழுதுவதா, செலவிலா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கணக்குக் கேட்டார்கள்.
ஒவ்வொன்றாக வாசித்தேன்.
பந்தல். டீசல். மைக்செட்.
ஐஸ் எழுபது ரூபாய் என்றபோது
பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்,
ஐஸுக்கும் கணக்கா என்று.
கையிருப்பில் ஆயிரத்து நூறு குறைந்தது.
லாபமா நட்டமா என்றார் சிலுவைப்பிச்சை.
நோட்டை மூடினேன்.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள்:
அடுத்த வருஷத்துக்கு அவனைத்
தங்கச்சிமடம் அறுபதுக்குப் பேசுகிறதாம்.

'அறுபத்தஞ்சு' என்றது ஒரு குரல்.
எல்லோரும் திரும்பி
என்னைப் பார்த்தார்கள்.