கவாத்து ஆண்டு

இலை நிறுக்கும் கூடத்தில்
இன்று தராசை ஓரமாய்த் தள்ளிவிட்டு
வாக்குப்பெட்டி வைத்தோம்.
பழைய பிஸ்கட் டின்.
மூடியில் நானே பிளேடால் கீறிய பிளவு.

கொழுந்து கிலோ பதிமூன்று ரூபாய்.
பறிகூலி போக மிச்சம்
விரல் இடுக்கில் கறை.

எட்டு மணிக்கே வரிசை,
ஸ்வெட்டருக்குள் கைகளை மடக்கிக்கொண்டு.
போன தடவை நாற்பது பேர் வந்தார்கள்.
இன்று முந்நூற்றுப் பதினொன்று.
திருப்தியாய் இருக்கிறவன் கோத்தகிரி வரை
பஸ் ஏறி வருவதில்லை.
வயிறு எரிகிறவனுக்கு
மேடு தெரிவதில்லை.

பன்னிரண்டு வட்டம், வட்டத்துக்கு ஓர் இயக்குநர்.
ஆறாண்டுப் பதவி.
இரண்டாண்டுக்கு ஒருமுறை நால்வர் இறங்குவார்கள்,
நால்வர் ஏறுவார்கள்,
கட்டபெட்டு நிறுத்தத்தில் ஏறி இறங்குவதுபோல.
வண்டி நிற்காது. ஓட்டுநரும் மாறுவதில்லை.

விதியை எழுதியவர்கள் விவசாயிகள்.
எல்லாச் செடியையும் ஒரே வருஷம் வெட்டினால்
அடுப்பு எரியாது என்று அறிந்தவர்கள்.
இந்த ஆண்டு இந்தச் சரிவில் கவாத்து,
மற்ற சரிவுகள் துளிர்க்கட்டும்.
நல்ல யோசனைதான், குறை சொல்லமாட்டேன்.
கத்திக்கு மட்டும்
கொப்புள நோய் எந்தச் சரிவில் என்று
பார்க்க அனுமதியில்லை.

தலைவர் கெம்பையாவின் வட்டத்துக்கு
இன்னும் நாலு வருஷம் கழித்துத்தான் முறை.
கடனில் பாய்லர் வாங்கலாம் என்று
முதலில் உயர்ந்த கை அவருடையது.
இன்று வரிசையில் நின்றவர்களுக்கு டீ கொடுத்தார்.
மோந்தே சொல்வேன்,
நம் ஆலைத் தூள் இல்லை.

கை தூக்காதவர் போஜன் ஒருவர்தான்.
'எதிர்ப்பை எழுதிக்கொள்ளுங்கள்' என்றார்.
எழுதினேன்.
தீர்மானப் புத்தகம், பக்கம் எண்பத்தாறு.
பேனா மக்கர் பண்ணியதில்
அவர் பெயரின் நடுவெழுத்து மட்டும் வெளிறியிருக்கும்.

இந்த ஆண்டு முறை எங்கள் வட்டத்துக்கு.
எங்கள் வட்டத்து இயக்குநர்
போஜன்.

எதிரில் சுகந்தி.
இருபது ரூபாய் வாங்கித் தருவேன் என்றாள்.
எப்படி என்று யாரும் கேட்கவில்லை.
பொய்க்காரி இல்லை அவள்,
அவளுக்கும் ஒன்றரை ஏக்கர்,
அவளுக்கும் அதே பதிமூன்று.

மூன்று மணிக்கு டின்னைக் கவிழ்த்தோம்.
ஒரு சீட்டில் இரண்டு பெயரையும் விட்டுவிட்டு
'விலை' என்று மட்டும் பென்சிலில் எழுதியிருந்தது.
செல்லாது என்றார் தேர்தல் அலுவலர்.
அன்றைக்கு மேசையில் கிடந்தவற்றில்
எனக்குப் புரிந்த சீட்டு அது ஒன்றுதான்.

சுகந்தி இருநூற்று ஐம்பத்திரண்டு.
போஜன் ஐம்பத்தெட்டு.
மற்ற மூன்று வட்டத்திலும் இப்படியே,
இருந்தவர் போனார், புதியவர் வந்தார்.
வெளியே சரவெடி.
உள்ளே கெம்பையா விரல் விட்டு எண்ணி முடித்துவிட்டார்.
மீதி எட்டுப் பேர்.
எட்டு, நாலைவிடப் பெரியது.

எனக்கும் ஒரு பங்கு உண்டு, எண் நானூற்றுப் பதினேழு.
எனக்கும் ஒரு வாக்கு.
பக்கம் எண்பத்தாறை எழுதிய இதே கை
சுகந்திக்கு நேரே குறி போட்டது.
கேட்காதீர்கள்.
மகளுடைய ஹாஸ்டல் பணம் இரண்டு தவணை பாக்கி,
சீட்டில் கெம்பையாவின் பெயர் இல்லை,
யார் பெயராவது
இருக்க வேண்டியிருந்தது.
பிளவு குறுகல்.
கோபத்தை நாலாய் மடித்தால்தான் நுழையும்.
மடிக்கும்போது எந்தப் பெயர் உள்பக்கம் போகிறது என்று
யார் பார்க்கிறார்கள்.

மறுநாள் பனி வெளுக்குமுன்னே
தராசை மறுபடி நடுவில் இழுத்துப் போட்டேன்.
முதல் மூட்டை போஜனுடையது.
நாற்பத்திரண்டு கிலோ,
ஈரத்துக்கு இரண்டு கழிவு.
ரசீதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

'பதிமூன்றுதானா?'

'பதிமூன்றுதான்.'

சாக்கை உதறி
மடித்துக்கொண்டார்.