இடது முன்பக்கம்

டொக் இல்லை, டக்கும் இல்லை.
ஹபீப் கனி இரண்டையும் சொல்லிப் பார்த்தார்.
நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து
மூன்றாவதாக ஒன்றும்.
அதுவும் இல்லை என்றேன்.
"அப்ப நீங்களே சொல்லுங்க."

உச்சிப்புளி ரோட்டோரம், பத்து மணி வெயிலில்,
நாற்பத்திரண்டு வயதில்
ஒரு பழைய இண்டிகா மாதிரிக் கத்திக் காட்டினேன்.
டீக்கடையில் இரண்டு பேர் திரும்பினார்கள்.

கொடக்.
கடைசி ஒற்று மட்டும் இரும்பு.

வருகிற இடம்
பாம்பன் பாலத்தில் ஏறியதும் மூன்றாவது இணைப்பு,
பிறகு மண்டபத்தில்
நண்டுக் கம்பெனிக்கு வலது ஒடிக்கும் திருப்பம்.
வராத இடம் கனியின் ஷெட்.
அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டி
கோவிலுக்குக் கூட்டிப்போன பிள்ளையாகிவிடும்.

ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினார்,
கடப்பாரை விட்டு நெம்பினார்.
லிங்க் ராடு மாற்றினார், ஆயிரத்து நானூறு.
இரண்டு நாள் அமைதி.
பால் ஜாயிண்ட் மாற்றினார்.
ஞாயிறு முழுக்க அமைதி, திங்கள்கிழமை கொடக்.
சும்மா ஆடுகிற எதுவாகவும் இருக்கலாம் என்று
ஸ்டெப்னியை இறக்கினேன், ஸ்பேனர் பையை இறக்கினேன்,
கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கூட,
மாதா மன்னிக்க,
அவிழ்த்துக் கைப்பைக்குள் வைத்து ஓட்டினேன்.

அமலனிடம் சொன்னால் "எனக்குக் கேட்கலையே" என்பான்.
பதினெட்டு வருசம் விசைப்படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றவன்.
அவனுக்குக் கேட்கும்போது
சக்கரம் கழன்று எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

பங்குனியில் ஒருநாள் கனி போன் பண்ணினார்.
"அக்கா, நீங்க என்கிட்ட எப்பவும்
காலி வண்டியாத்தானே கொண்டு வர்றீங்க?"
ஆமாம். நண்டை இறக்கிவிட்டுத்தான் வருவேன்.
நாறுமே.
"நாறட்டும். நண்டோட வாங்க."

ஏழு பெட்டி, ஐஸோடு இருநூறு கிலோ.
ஷெட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணி வாய்க்கால்,
தை முடிந்தால் வெறும் மணல்.
குறுக்கே இரண்டு பனந்தடி போட்டு
அதன்மேல் என்னை ஏறச் சொன்னார்.
நான்கு சக்கரமும் பாரம் சுமந்து நிற்க
அவர் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டார்.
ஐஸ் தண்ணீர் டிக்கி வழியாகச் சொட்டி
அவர் காதுக்குப் பக்கத்தில் விழுந்தது.
"ஸ்டியரிங்கை முழுசா ஒடிங்க. மெதுவா."
பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம்.
"அவங்களக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க."

ஒடித்தேன். ஒன்றுமில்லை.
திருப்பி ஒடித்தேன்.

கொடக்.

கீழே வெகுநேரம் பேச்சில்லை.
பிறகு பலகை இடுக்கிலிருந்து வருவதுபோல
"பிடிச்சுட்டேன்" என்றது ஒரு குரல்,
திருடனைச் சொல்கிற மாதிரி.

சுருள்கம்பியின் கடைசிச் சுற்று.
விரல் நீளம் ஒடிந்து,
ஒடிந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.
முறிந்த முகம் முழுக்கப் பழுப்பு.
எத்தனை மாதமோ.
உப்பு பெயிண்டுக்கு அடியில் புகுந்து
யாரையும் கேட்காமல் தின்றிருக்கிறது.

"தூக்கினா தொங்கும், முழுசா இருக்கற மாதிரியே.
பாரம் வந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும்.
நானும் தூக்கித் தூக்கியே பார்த்தேன்."
மணலைத் தட்டிக்கொண்டு
பால் ஜாயிண்ட் கூலியைத் திருப்பித் தர வந்தார்.
வாங்கவில்லை. பிறகு பாதி வாங்கினேன்.
கம்பெனியில் அன்றைக்கு
லேட் என்று கிலோவுக்கு இருபது குறைத்தார்கள்.

புது ஸ்பிரிங் இரண்டு பக்கமும்.
ஒன்று மட்டும் மாற்றினால் வண்டி ஒருச்சாய்ந்து நிற்குமாம்.

வெள்ளி இரவு ராமநாதபுரத்திலிருந்து வீடு திரும்புகிறோம்.
பின்சீட்டில் அரிசி மூட்டை மூன்று,
பக்கத்தில் அமலன் அரைத்தூக்கத்தில்.
பாலத்துக்குக் கீழே
வலை போட்டிருக்கும் வள்ளங்களின் விளக்கு.
முதல் இணைப்பு, இரண்டாவது.
மூன்றாவதில் வண்டி பேசாமல் கடந்தது.
நாக்குதான் பழக்கம் விடாமல்,
நான் சொல்லாமலே,
கொடக் என்றது.

அமலன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.
"ஆமா, இப்ப கேட்டுச்சு.
இடது முன்பக்கம்."